முழங்காலளவு எல்லை

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மாரி பெய்தால் சில கிழமை ஓடிவிட்டு வற்றிப்போகிற ஒன்றுக்கு ஆறு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதையும் முக்கால்வாசிப் பேர் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த தண்ணீர் கிணறு, குளம், கடல், அவ்வளவுதான். ஆறு என்றால் பள்ளிக்கூட வரைபடத்தில் இருக்கும் நீலக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் என் அப்பா ஜேர்மனிக்கு வந்தார்.

போன இலையுதிர் காலத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரு சுற்றுலா ஒழுங்குசெய்தார்கள். நான் கெல்சென்கிர்ச்சனில் பஸ் ஓட்டுகிறேன். சாரதிகள் பன்னிரண்டு பேர், இரண்டு நாள், தெற்கே போய் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, வைன் குடித்துவிட்டு வருவது. நான் குடிப்பதில்லை. ஆனாலும் போனேன். மத்தியானம் ஒரு சின்னப் பாலத்தில் நின்று எல்லாரும் கீழே பார்த்தார்கள். என்ன அமைதியான ஆறு, என்ன அமைதி என்று மாறி மாறிச் சொன்னார்கள். ஒருத்தி கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இந்த ஆற்றுக்குள் நின்றிருக்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டார்கள். சொல்லவில்லை. கிளாசும் கையுமாக நிற்கிற பதினொரு பேருக்குச் சொல்லக்கூடிய கதை இல்லை அது. இங்கே சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. எல்லைக்கு ஜேர்மன் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய பட்டணத்தில் அகதிகள் விடுதி ஒன்றில் இருந்தோம். அதை ஹைம் என்போம். எங்களுக்கு ஓர் அறை, மூன்று இரும்புக் கட்டில். சமையலறை ஆறு குடும்பங்களுக்குப் பொது. எங்களை ஜேர்மனி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அகதி விண்ணப்பம், அதாவது அன்ட்ராக், முடிவாகும்வரை அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அடுத்த மாவட்டத்துக்குப் போவதற்கே கடிதம் வேண்டும். அடுத்த நாட்டுக்குப் போய்ப் பிடிபட்டால் கதை முடிந்தது.

அப்பா சட்டத்துக்குப் பயந்தவர். வந்த கடிதம் ஒவ்வொன்றையும் துளை போட்டுக் கறுப்புக் கோப்பில் ஒழுங்காகப் போட்டு வைத்திருப்பார். வெள்ளை உறைகளையும் எறியமாட்டார். சிவப்பு விளக்கில், வீதியில் ஒரு நாய்கூட இல்லாத நேரத்திலும், பச்சை வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், அந்தக் கோடை முடிவில் ஒரு கடிதம் கிடைத்தது. அன்ட்ராக் நிராகரிக்கப்பட்டது. அதையும் துளை போட்டுக் கோப்பில் வைத்தார்.

வழக்கறிஞரைப் பிடித்து வழக்குப் போட்டார். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு, நான் நடுவில் இருக்க, அப்பா சொன்னார்: “உனக்கு இஞ்சை இருக்க ஏலாதெண்டா பாரிசிலை இருக்கிற உன்ரை தம்பியிட்டைப் போய் இரு.”

அம்மா திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். அதற்குப் பதிலாக அப்பாவின் கோப்பையில் சோறு போட்டார். அதன்பிறகு இரண்டு கிழமை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். ஒன்பது சதுர மீற்றர் அறைக்குள் நான் தபால்காரியாக நடந்தேன்.

நான் ஏற்கெனவே அந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஜேர்மன் தெரிந்தது எனக்கு மட்டும் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். வைத்தியரிடம், அலுவலகத்தில், வழக்கறிஞரிடம், எல்லா இடமும் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அம்மாவின் இரத்தப்போக்கை ஓர் ஆண் வைத்தியருக்கு விளங்கப்படுத்தியவள் நான். அந்த வயதில் அந்தச் சொற்கள் எனக்குத் தமிழிலேயே தெரியாது. அம்மா பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருப்பார். எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்படிச் செய்யக்கூடாது. இதை நான் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். வேறு வழி இருக்கவில்லை என்றார்கள். வேறு வழி இருக்கவில்லை என்பது உண்மை. கோபம் அதனால் போய்விடவில்லை.

அம்மாவின் தம்பி பாரிசில் இருந்தார். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடமும் தற்காலிக அட்டைதான். பிரான்சை விட்டு வெளிக்கிட முடியாது. அவர் ஊரை விட்டு வந்தபின் அக்காவும் தம்பியும் நேரில் பார்த்து ஏழு வருடம். தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று, காசு முடியும்வரை பேசுவார்கள். அந்த இரண்டு கிழமையில் அம்மா நாலு தரம் கூண்டுக்குப் போனார். நாலாவது தரம் திரும்பி வந்து, மாமா சனிக்கிழமை எல்லைக்கு வருகிறாராம் என்று அப்பாவிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. யோசித்தார். அப்போது திராட்சை பறிக்கும் காலம். அனுமதி எடுத்து, ஒரு தோட்டக்காரரிடம் பறிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சரிவான தோட்டத்தில் நின்று கீழே பார்த்தால் மரங்களுக்கு நடுவில் ஆறு தெரியும். அங்கேதான் பிரான்ஸ் என்று தோட்டக்காரர் கையைக் காட்டிச் சொன்னாராம். அப்பாவுக்கு அது போதும். கை காட்டிய பக்கத்தில் ஆறு. ஆறு என்றால் எல்லை. ஒரு வெள்ளை உறையின் பின்பக்கத்தில் படம் கீறினார். தோட்டம், ஒற்றையடிப் பாதை, கடைசியில் இரண்டு கோடு போட்டு ஆறு.

“ஆத்துக்கு இஞ்சாலை நிண்டு பாக்கலாம். பாக்கிறதுக்குச் சட்டத்திலை தடை இல்லை,” என்றார். இரண்டு கிழமைக்குப் பிறகு முதல்தடவையாக அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “அங்காலை ஒரு கால் வைச்சாலும் எல்லாம் முடிஞ்சுது.”

அம்மா உறையை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போய், மாமாவுக்கு இடத்தைச் சொல்லிவிட்டு வந்து, அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

சனிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போனார். அம்மா பிட்டு அவித்து, முட்டை பொரித்து, மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, எல்லாவற்றையும் ஐஸ்கிறீம் டப்பாக்களில் அடைத்தார். சேலையைக் கட்டி அதன்மேல் யாரோ தானமாகக் கொடுத்த ஆம்பிளை ஜக்கெற்றைப் போட்டார். அம்மா என்ன எடுக்கிறார், எதை விடுகிறார் என்று கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். உடுப்புப் பெட்டியைத் திறந்தால் பாரிசுக்குப் போகப்போகிறார் என்று அர்த்தம் என்று நானாகவே கணக்குப் போட்டிருந்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. ஆனால் அலுமாரியிலிருந்து எங்கள் பிறப்புப் பத்திரங்களை எடுத்துக் கைப்பையில் வைத்தார். நான் கட்டிலை விட்டு இறங்கிக் கைப்பைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

பஸ்ஸில் கடைசிக் கிராமம்வரை போய், அங்கிருந்து தோட்டங்களுக்கூடாக இறங்கி நடந்தோம். சில வரிசைகளில் இன்னும் பழம் தொங்கியது. தூரத்தில் உழவு இயந்திரம் இரைந்தது. வழியில் என் சப்பாத்து நாடா அவிழ்ந்தது. கல் ஒன்றின்மேல் என்னை ஏற்றி வைத்து அம்மா கட்டிவிட்டார். முக்கால் மணித்தியாலத்தில் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம்.

ஆறா அது? எங்கள் ஹைமின் தாழ்வாரம் அதைவிட அகலம் என்று சொல்லலாம். நாலு மீற்றர் இருக்கும். தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு மஞ்சள் இலை விழுந்தால், போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் நகரும். அடித்தரைக் கல்லெல்லாம் தெரிந்தது. அதற்கு அங்கால் மாமா நின்றார்.

அழுகை முதலில் வந்தது. இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று அழுதார்கள். ஆனால் அது அதிக நேரம் நீடிக்கவில்லை.

“என்னடா வயிறு இது? உன்னைக் கோப்பை கழுவ விடுறாங்களோ, கோப்பையிலை இருக்கிறதை முடிக்க விடுறாங்களோ?”

“நீ மட்டும் என்ன, அக்கா? பொலிஸ்காரன்ரை ஜக்கெற்றைக் களவெடுத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்.”

“இது நல்ல சூடு. நீ கதையாதை.”

“ஆர் இந்தப் பெட்டை? மருமகளோ? கையிலை தூக்கினனான், இப்ப மரம் மாதிரி நிக்கிறா.”

மாமா வெறுங்கையோடு வரவில்லை. பாரிஸ் தமிழ்க் கடையிலிருந்து கறித்தூள், கருவாடு, கறிவேப்பிலை, ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார். அம்மாவும் வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு பக்கமும் சாமான், நடுவில் ஆறு. எறிவது என்று தீர்மானித்தார்கள். தூள் பை வந்து சேர்ந்தது. கருவாடும் வந்தது. முருங்கைக்காய்க் கட்டை மாமா ஈட்டி எறிவதுபோல எறிந்தார். அது கட்டவிழ்ந்து தண்ணீருக்குள் பரவி விழுந்து, எங்கேயும் போகாமல் அப்படியே மிதந்தது. கடலில் விழுந்திருந்தால் போயிருக்கும். இந்த ஆற்றுக்கு முருங்கைக்காயைக்கூட இழுத்துக்கொண்டு போக மனமில்லை.

“பிள்ளை, இறங்கி எடு,” என்றார் அம்மா. “நடுவிலை நில். நடுவுக்கு அங்காலை போகாதை.”

இறங்கினேன். ஐஸ் தண்ணீர். முழங்கால்வரைதான் வந்தது, ஆனால் ஒரு குழியில் கால் வைத்து இடுப்புவரை நனைந்தேன். முருங்கைக்காய்களைப் பொறுக்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவிடமிருந்து ஐஸ்கிறீம் டப்பாக்களை வாங்கி நடுவில் போய் நின்றேன். மாமா கரையில் குந்தி, கையை முடிந்தமட்டும் நீட்டினார். அவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. நானும் நடுவைத் தாண்டவில்லை. இப்படியே இரண்டு நாட்டுக்கும் நடுவில் நின்று பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் கைமாற்றினேன்.

மாமா டப்பாவைத் திறந்து, கையைக்கூடக் கழுவாமல் ஒரு வாய் போட்டார். மென்றுகொண்டே சொன்னார்: “அக்கா, சேர்ச்சடியிலை கார் நிக்குது. சிநேகிதன்ரை. அறையும் பாத்திட்டன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா.”

அம்மா ஈர முருங்கைக்காய்களை ஒன்றுசேர்த்துக் கட்டினார்.

“உங்கை இருந்தா பிடிச்சுப் பிளேன் ஏத்திப்போடுவாங்கள். இஞ்சை கெதியா அட்டை குடுக்கிறாங்கள். அத்தான் வழக்கை முடிச்சுக்கொண்டு ஆறுதலா வரட்டும்.”

“அந்தாள் தனிய என்ன செய்யும்? ஒரு தேத்தண்ணி வைக்கத் தெரியாது.”

“பழகும்.”

நான் தண்ணீருக்குள் நின்றேன். வெளியே வரச் சொல்லி யாருக்கும் நினைவு வரவில்லை. பின்னேரம் அப்பா கறைபிடித்த கையோடு வந்து அறைக் கதவைத் திறக்கிறார். மூன்று கட்டிலும் காலி. இதுதான் என் கண்ணுக்குள் நின்றது. மாமாவைப் பிடிக்கவில்லை. வயிறு நிறைய எங்கள் பிட்டைத் தின்றுகொண்டு எங்கள் அப்பாவைப் ‘பழகும்’ என்கிறார்.

“எப்பிடியடா வாறது?” என்றார் அம்மா. “எல்லையெல்லே.”

“முழங்கால் தண்ணி அக்கா! உன்ரை மகள் நிக்கிறாளே!”

“தண்ணியில்லையடா. சட்டம்.”

“ஆர் பாக்கிறான்?”

“அப்ப நீ வாவன் இஞ்சாலை.”

“எனக்கு அட்டை பறிபோகும்.”

அம்மா சிரித்துவிட்டார். மாமாவுக்குக் கோபம் வந்தது. பாரிசிலிருந்து விடிய வெளிக்கிட்டு ஐந்து மணித்தியாலம் வந்திருக்கிறேன், நீ எல்லை எல்லை என்று சாட்டுச் சொல்கிறாய், உனக்கு வர விருப்பமில்லை, உன் மனுசனுக்குப் பயம் என்று கத்தினார். ஏழு வருடம் சேர்த்துவைத்த கத்தல். அம்மாவின் முகம் மாறியது.

“சாட்டில்லையடா. சத்தியமா இந்த எல்லை மட்டும் இல்லாட்டி, இப்பவே இந்தக் காலோடை உன்னட்டை வருவன்.”

அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, அம்மாவுக்குப் பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. நீலச் சீருடை போட்ட ஒருவர் தோட்டப் பாதையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மாமா ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்தார். மரம் மெல்லியது. வயிறு ஒரு பக்கமும் ஐஸ்கிறீம் டப்பா மறுபக்கமும் தெரிந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார்? நான் சொட்டச் சொட்டக் கரையேறி மொழிபெயர்க்கப் போனேன்.

அவர் வணக்கம் சொன்னார். ஜேர்மன்தான், ஆனால் கொஞ்சம் வளைந்த ஜேர்மன். அங்கே இரண்டு பக்கத்திலும் வயதானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பதால், அவர் பிரெஞ்சுப் பொலிஸ்காரராக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. இங்கே என்ன சத்தம் என்று கேட்டார். அது என் மாமா என்று மரத்தைக் காட்டினேன். அவர் மரத்தைப் பார்த்து, வயிற்றைப் பார்த்து, மீசைக்குள் சிரித்தார். ஏன் கத்திப் பேசுகிறீர்கள், அந்தப் புதருக்குப் பின்னால் பாலம் இருக்கிறதே என்றார். எங்களுக்கு அங்கே போக அனுமதி இல்லை, அது பிரான்ஸ் என்றேன்.

அவர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஒரு முழு வட்டம் சுற்றினார். ஆறு, மாமாவின் கரை, எங்கள் கரை, பின்னால் இருந்த தோட்டம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்தது. இதெல்லாம் பிரான்ஸ்தான் மகளே, என்றார். அதுவும் பிரான்ஸ், நீ நிற்பதும் பிரான்ஸ். எல்லை அங்கே மேலே, தோட்டத்துக்குள். தாண்டித்தானே வந்திருக்கிறீர்கள். போங்கள், பாலத்தால் போய் மாமாவோடு இருந்து சாப்பிடுங்கள், பிள்ளை விறைத்துப்போகிறாள். இவ்வளவும் சொல்லிவிட்டு, அம்மாவுக்குத் தொப்பியைத் தொட்டு மரியாதை காட்டி, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. வளர்ந்தபின் வரைபடத்தில் பார்த்தேன், போன வருடம் நடந்தும் பார்த்தேன். அந்த இடத்தில் ஆறு பிரான்சுக்கு உள்ளேதான் ஓடுகிறது. எல்லை அதற்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் வடக்கே, திராட்சை வரிசைகளுக்கு நடுவில், சின்னச் சின்னக் கல்லாக நிற்கிறது. என்னை ஏற்றிச் சப்பாத்துக் கட்டிய கல்லும் அதில் ஒன்றாக இருக்கும். அந்தப் பக்கத்து ஜேர்மன் தோட்டக்காரர் பலருக்குப் பாதித் தோட்டம் பிரான்சில்தான். சிவப்பு விளக்கைத் தாண்டாத என் அப்பா, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, தினமும் காலையில் நாடு கடந்துபோய்ப் பழம் பறித்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வந்துகொண்டிருந்தார். இதை அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. மனுசன் இப்போதும் அந்தக் கறுப்புக் கோப்போடு அலுவலகத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்பார்.

ஆனால் அன்று நான் அந்தச் சீருடைக்காரர் சொன்னதை நம்பினேன். முழுதும் விளங்கியது. எல்லை இல்லை. அம்மா சத்தியம் பண்ணியிருக்கிறார். பாலம் புதருக்குப் பின்னால்.

“என்ன சொல்றார்?” என்று கேட்டார் அம்மா.

பிரான்சை ஜேர்மனில் ஃப்ராங்க்ரைஷ் என்பார்கள். அம்மாவுக்கு அது பிடிபட்டிருக்காது என்று கணக்குப் போட்டேன்.

“வீட்டை போகட்டாம். இஞ்சை நிக்கக்கூடாதாம்.”

அம்மா என்னையே பார்த்தார். என் பல் அடித்துக்கொண்டிருந்தது, குளிரோ பொய்யோ தெரியாது. அந்தப் பார்வை எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. எனக்கு அது ஒரு பாடசாலைத் தவணை அளவுக்கு நீண்டது. பிறகு அம்மா ஜக்கெற்றைக் கழற்றி என்மேல் போட்டு, கழுத்துவரை பூட்டிவிட்டார். ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

“தம்பி! போகச் சொல்லிப்போட்டாங்கள்.”

மரத்துக்குப் பின்னாலிருந்து மாமா வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. “பேர் எழுதினவனோ?” என்று கேட்டார்.

“இல்லை. நீ வெளிக்கிடு. திரும்பி வந்தாலும் வருவாங்கள்.”

“அக்கா…”

“எல்லையடா தம்பி. என்ன செய்யிறது?” அம்மாவின் குரல் இறங்கியிருந்தது, கொஞ்ச நேரத்துக்கு முந்திய சத்தியக் குரல் இல்லை. “கத்தரிக்காயைச் சூடாக்கிச் சாப்பிடு. முட்டை நாளைக்கு நிக்காது, இண்டைக்கே முடி.”

மாமா டப்பாக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறிப் போனார். நாலு தரம் திரும்பிப் பார்த்தார். டப்பா கையில் இருந்ததால் கையசைக்க முடியவில்லை; தலையை ஆட்டினார்.

நாங்கள் தோட்டத்துக்கூடாகத் திரும்பி நடந்தோம். எனக்குக் கால் தரையில் படவில்லை. அப்பா கதவைத் திறக்கும்போது நாங்கள் இருப்போம். அம்மா அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. வந்ததைவிட வேகமாக நடந்தார். பறித்து முடித்த வரிசையில் ஒரு குலை தவறித் தொங்கியது. அதை முறித்து என்னிடம் தந்தார். அடுத்தவன் தோட்டத்தில் கை வைப்பவர் இல்லை அம்மா. அன்று வைத்தார்.

“உன்ரை கொப்பர் வேலையாலை வந்து கேட்டா என்ன சொல்லுவாய்?”

“ஒராள் வந்து போகச் சொன்னதெண்டு.”

“வேறை?”

“வேறை ஒண்டும் சொல்லேல்லை.”

“ஓம். வேறை ஒண்டும் சொல்லேல்லை.”

ஒரு திராட்சையை வாயில் போட்டு, புளிக்கிறதென்று முகத்தைச் சுளித்து, சிரித்தார்.

பிறகு எல்லாம் நல்லபடி முடிந்தது. அதையும் சொல்ல வேண்டும். வழக்கில் அப்பா வென்றார். மாமாவுக்கும் நிரந்தர அட்டை கிடைத்தது. இப்போது வருடத்துக்கு இரண்டு தரம் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து எங்கள் சோபாவில் படுத்துக்கொண்டு ஜேர்மன் பாணைத் தின்றுகொண்டே அதைக் குறை சொல்கிறார். ஆட்கள் கூடினால் அந்தக் கதையை எடுப்பார். அண்டைக்கு அந்தப் பொலிஸ்காரன் மட்டும் வந்திராட்டி அக்கா பாரிசிலை இருந்திருப்பா என்பார். அப்பா தலையை ஆட்டுவார். அம்மா, ஓமோம், அவன் வந்து கெடுத்துப்போட்டான் என்பார். நான் தேத்தண்ணி வைக்க எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். ஒரு பொய்யால் அம்மாவைத் தம்பியிடமிருந்து பிரித்தவள் என்று பல வருடம் என்னை நானே தின்றேன். என்னை மொழிபெயர்க்க வைத்தவர்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி, அன்று நான் மொழிபெயர்த்ததன்மேல் இருந்த கோபம்தான்.

அன்று கடைசிக் கிராமத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, இந்தக் கவலையெல்லாம் இன்னும் தொடங்கவில்லை. ஆம்பிளை ஜக்கெற்றுக்குள் கணுக்கால்வரை மறைந்து நின்றேன். சப்பாத்துக்குள் தண்ணீர் சளசளத்தது. சாரதி ஒரு கிழவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன, சின்னப் பெண் நீந்தி ஃப்ராங்க்ரைஷுக்கே போய்விட்டு வந்தாளோ என்று பகிடியாகக் கேட்டார்.

நான் அம்மாவுக்குச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். வேண்டாம், அந்தச் சொல்லைத் தொடவே கூடாது என்று நினைத்து மூடிக்கொண்டேன்.

“நைன், நைன்,” இல்லை இல்லை என்று மறுத்தார் அம்மா, சில்லறையை எண்ணி நீட்டிக்கொண்டே. “ஃப்ராங்க்ரைஷ் நைன். நாங்கள் இங்கேதான்.” அவ்வளவையும் ஜேர்மனில் சொன்னார்.

சாரதி சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நான் ஜன்னலோரம் ஏறி இருந்து, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தேன். பொய் பிடிபடவில்லை, அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தப்பிவிட்டோம் என்ற ஒரு நினைப்போடு, பஸ் முதல் வளைவைத் திரும்புமுன்னமே நித்திரையாகிவிட்டேன்.